நண்டு கம்பெனி நன்றாக ஓடுகிறது, முதலாளிக்குத்தான் பிடிப்பில்லை

கேள்வி: அண்ணே, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் நண்டு உடைத்துச் சதை எடுக்கிற கம்பெனி வைத்திருக்கிறேன். 14 வருஷத்துக்கு முன்னால் கரையில் ஒரு தராசோடு ஆரம்பித்தது, இப்போது 60 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கடனும் பெரிதாக இல்லை. ஆனால் காலையில் போன் அடித்தாலே எரிச்சல் வருகிறது. கரையில் நின்று நண்டு வாங்கின காலத்துச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. வயது 41. நல்ல விலை வந்தால் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாமா?

பதில்: தம்பி, விற்கிற பேச்சை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற கம்பெனிக்கு மூன்று மாதம் கழித்தும் ஆள் வரும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தத் தராசு. அப்போது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். படகு வரும், நண்டை நிறுப்பீர்கள், காசைக் கொடுப்பீர்கள், பெட்டியில் ஐஸ் போட்டு வண்டியில் ஏற்றிவிடுவீர்கள், ஒன்பது மணிக்கெல்லாம் அன்றைய வேலை முடிந்தது என்று டீ குடிப்பீர்கள். இப்போது? அஞ்சு மணிக்குக் கரையிலிருந்து விலை கேட்டு ஒரு போன், ஐஸ் வரவில்லை என்று ஒன்று, வண்டி டயர் வெடித்தது, எட்டுப் பெண்கள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஏற்றுமதிக்காரர் போன தடவை வந்த சதையில் ஓட்டுத் துண்டு கிடந்தது என்கிறார், நடுவில் பேங்க். இதில் ஒன்றுகூட உங்கள் கையில் ஆரம்பித்து உங்கள் கையில் முடிவதில்லை. நாள் முழுக்க ஓடியும் ராத்திரி படுக்கும்போது இன்று என்ன செய்தேன் என்றால் பதில் இருக்காது. உங்களுக்குக் குறைவது ஓய்வு என்று எனக்குத் தோன்றவில்லை, முடிந்த வேலைதான் குறைகிறது. கம்பெனியை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் அது இன்னும் குறையும்.

இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்கிற பேராசிரியர், அஞ்சு நிறுவனத் தலைவர்களை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973-ல் எழுதினார். அவர்கள் செய்த வேலைகளில் பாதி, ஒன்பது நிமிஷம்கூட நீடிக்கவில்லை. செல்போனே இல்லாத காலத்தில் அந்த நிலைமை! அப்புறம் ஹார்வர்ட் பேராசிரியர் தெரசா அமாபிலியும் ஆய்வாளர் ஸ்டீவன் கிரேமரும் 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்து, வந்த சுமார் 12,000 பதிவுகளைப் படித்தார்கள். தங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிற வேலை கொஞ்சமாவது முன்னே நகர்ந்த நாளில்தான் மனசு நன்றாக இருந்திருக்கிறது, பாராட்டும் சன்மானமும் அதற்குப் பின்னால்தான். அந்த 238 பேரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், முதலாளிகள் இல்லை, அது உண்மைதான். ஆனால் எனக்கு நேர்ந்ததும் இதேதான்.

தொண்டிப் பக்கம் ஒன்பது வருஷம் ஐஸ் பிளான்ட் நடத்தினேன். கடைசி மூன்று வருஷம் வீட்டில் யாரும் என்னிடம் பேசவே பயப்பட்டார்கள். ஒரு தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது இல்லையா, ஐஸுக்கு ஆளில்லை, அந்த நேரத்தில் அம்மோனியா கம்ப்ரசரைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக் வந்தார். சும்மா ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனவன் நாலு நாள் கிரீஸ் கையோடு அங்கேயே கிடந்தேன். மறுபடி ஓடவிட்டபோது வந்த சத்தம் இருக்கிறதே, அன்று ராத்திரி தூங்கின மாதிரி அதற்கு முன்னால் எத்தனையோ மாசம் தூங்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு இடைவெளியும் கிடைக்காது. தடை விசைப்படகுக்குத்தான், உங்களுக்கு நண்டு கொண்டுவருகிற நாட்டுப்படகு அப்போதும் கடலுக்குப் போகும். அதனால் நேரத்தை நீங்களேதான் ஒதுக்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு காலை கரைக்குப் போங்கள். மேற்பார்வைக்குப் போகாதீர்கள், நீங்களே நண்டு எடுங்கள். பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போட்ட நண்டுக்குள் தண்ணிதான் இருக்கும் என்று அடிப்பக்கம் அமுக்கிப் பார்த்தே ஒதுக்கத் தெரிந்த கை உங்களுடையது, அந்தக் கைக்கு எத்தனை வருஷமாக வேலை இல்லை? சினை நண்டு வந்தால் வாங்க மாட்டேன், கடலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று படகுக்காரரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லவும் முதலாளி வந்தால்தான் முடியும். அது உங்கள் தொழிலுக்கே நாளைக்குச் சோறு.

அந்த இரண்டு காலையும் போன் உங்களிடம் இருக்கக் கூடாது. இதுதான் கஷ்டம், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் உங்களைக் கூப்பிடப் பழக்கிவிட்டதே நீங்கள்தான் (நானும் அப்படித்தான் பழக்கி வைத்திருந்தேன், அதில் ஒரு பெருமை வேறு). முதலில் ஒரு வாரம் வருகிற போனையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். வாரக் கடைசியில், நான்தான் முடிவு சொல்லியாக வேண்டும் என்பதை மட்டும் சுழியுங்கள். மிச்சத்தை எல்லை போட்டு ஒப்படையுங்கள். கரையில் வாங்குகிற பையனுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் வரை நீயே முடிவு செய், உள்ளே சூப்பர்வைசர் அக்காவுக்கு ஐஸ், வண்டி, ஆள் மூன்றும் உங்கள் பொறுப்பு என்று. முதல் மாதம் நஷ்டம் வரும். அதற்காகத் திட்டினால் மறுநாளே எல்லாப் போனும் திரும்ப உங்களுக்கே வரும்.

அப்புறம் அந்த 60 பேர். வாரத்தில் ஒரு அரைமணி நேரம் தலைக்கு வலை போட்டு, கை கழுவி, அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்து நண்டு உடையுங்கள். அவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி என்றால் பேச்சுக் கொடுத்து வேலையைக் கெடுக்காதீர்கள், உங்கள் கை மெதுவாகப் போவதைப் பார்த்து அவர்களே கேலி பண்ணுவார்கள், அது போதும். சுவரில் பொன்மொழி மாட்டுவது, ஊழியர் தினம் கொண்டாடுவது இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை.

கவலைகளில் ஒரு பங்கு உங்கள் கைக்கு அப்பாற்பட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது மண்டபத்தில் உட்கார்ந்து யார் என்ன செய்திருக்க முடியும்? அந்த மாதிரி விஷயத்தைப் பேச, உங்களிடம் கடன் வாங்காத, உங்களுக்கு நண்டு விற்காத ஒரு தொழில்காரர் வேண்டும். வாலிநோக்கத்து உப்பளக்காரரோ, பாம்பன் கருவாட்டு வியாபாரியோ, யாராவது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எரிச்சல் வேலையோடு நிற்காமல் சாப்பாடு, பிள்ளைகள், தூக்கம் எதிலுமே பிடிப்பில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது என்றால் நான் சொன்னது எதுவும் மருந்தில்லை, டாக்டரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

மூன்று மாதம் இப்படி ஓட்டுங்கள். தினமும் ராத்திரி, இன்று எது முடிந்தது என்று ஒரே வரி அந்த நோட்டில் எழுதுங்கள். கரையில் நிற்கிற காலையும் சலிப்பாகவே இருக்கிறது என்று தெரிந்தால் அப்போது நோட்டோடு வாருங்கள், என்ன விலை கேட்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.