மாரியம்மனுக்கு யாருடைய முகம்?

டிஜிட்டல் ஓவியம் பற்றியும், கடவுள் நம்பிக்கை இல்லாமல் வாழ்வது பற்றியும் என்னிடம் கேட்கலாம் என்று போன இதழில் ஆசிரியர் அறிவித்திருந்தார். வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்கு வயது 46. பெரம்பூரில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாகக் கணினியில் வரைகிறேன். புத்தக அட்டை, சிறுவர் கதைப் படங்கள், எப்போதாவது எனக்காக ஒரு படம்.

கேள்வி: செல்போனில் விரலால் வரைகிறேன். ஐபேட் வாங்க வீட்டில் வசதி இல்லை. ஓவியம் படிக்கும் அண்ணன், “கம்ப்யூட்டரில் போடுவது ஓவியமே இல்லை, மெஷின்தான் வரைகிறது” என்கிறான். விட்டுவிடவா? – பிளஸ் டூ மாணவி, தாம்பரம்

விடவே வேண்டாம்மா. என் அப்பா சினிமா பேனர் வரைந்தவர். ராயப்பேட்டையில் ஒரு கொட்டகையில் வேலை. உள்ளங்கை அளவு ஸ்டில் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். இருபதடித் துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம். அப்புறம் முகத்தைப் பார்க்கவே மாட்டார். ஒரு கட்டத்துக்குள் என்ன கோடு ஓடுகிறதோ அதை மட்டும் பார்த்துப் பார்த்து இழுப்பார். மூக்குத் துளையே குடத்தின் வாய் அளவு இருக்கும். பக்கத்தில் நின்றால் அது மூக்கு என்று தெரியாது. அடிக்கடி ஏணியிலிருந்து இறங்கி, எதிர்ப்பக்க டீக்கடை வரை நடந்துபோய், அங்கிருந்து பார்த்துவிட்டு வருவார். இன்று நான் திரையில் படத்தைச் சுருக்கிப் பார்ப்பது அந்த டீக்கடைக்கு நடக்கும் நடைதான். கட்டம் போட்டு வரைவது ஓவியமா என்று அவரிடமும் கேட்டிருக்கிறார்கள்.

2000-ஐ ஒட்டி ஃப்ளெக்ஸ் வந்தது, கொட்டகை காலியானது. அப்பா கடைப் பலகை எழுதப் போனார். அதனால் புதுக் கருவி ஒருவர் சோற்றில் கை வைக்கும் என்பதும் எனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கு அந்தப் பயம் இருந்தால் அதை மதித்துப் பேசு. ஆனால் வரைவதை நிறுத்தாதே.

ஐபேட் இப்போது தேவையில்லை. வீட்டில் பழைய கணினி ஒன்று இருந்தால் ‘கிரிட்டா’ என்ற ஓவிய மென்பொருளை இறக்கிக்கொள், முழுக்க இலவசம். கணினியோடு இணைத்து வரையும், திரை இல்லாத பேனா டேப்லெட் ஐபேடைவிடப் பல மடங்கு மலிவு. ரிச்சி தெருவில் விசாரித்துப் பார். ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்: அச்சுக்குப் போகும் படமென்றால் பெரிதாகத் தொடங்கு. ஏ3 தாளில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 3508-க்கு 4961 பிக்சல். சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் கோடெல்லாம் கசங்கிப்போகும். திரையில் கண்ணைப் பறிக்கும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கும், அதற்கும் தயாராக இரு.

மற்றபடி, கைகளை வரை. 29சி பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்துத்தான் நான் கற்றேன். கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர் பிடிக்கிற விதம் வேறு, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையால் பிடிக்கிற அம்மாவின் விதம் வேறு.

கேள்வி: நீங்கள் நாத்திகர் என்று உங்கள் பேட்டியில் படித்தேன். சாமி படம் வரையச் சொல்லிக் கேட்டால் என்ன செய்வீர்கள்? வரைந்தால் கொள்கைக்கு முரண் இல்லையா? – வேளச்சேரி வாசகர்

நிறையப் பேர் கேட்டது இதைத்தான். அதனால் நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்கள். ஒரு வருடம், பேனருக்கு மாரியம்மன் படம் வரைந்து தரச் சொல்லித் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். என் அம்மாவும் அவர்களோடு வாசலில் நின்றிருந்தார். எனக்குச் சாமி இல்லை என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். “உனக்கு இல்லன்னா என்ன, எங்களுக்கு வரையேன்” என்றார் ஒருவர். யோசிக்க இரண்டு நாள் கேட்டேன்.

அந்த இரண்டு நாளில் ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். திருவாலங்காட்டு நடராசர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. சின்ன வயதில் அப்பா அழைத்துப் போய்க் காட்டியது. கும்பிடச் சொல்லவில்லை. “தூக்கின காலைப் பாரு, எடை எங்க நிக்குதுன்னு பாரு” என்றார். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றும்போது பிசகினால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. அதைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. அந்தச் சிலைக்கு முன்னால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அந்த நிறைவு முழுவதும் பெயர் தெரியாத அந்த மனிதருக்கும், அவருக்கு உலையூதினவருக்கும் உரியது என்று நினைக்கிறேன். பக்தியோடு பார்ப்பவர் அதில் வேறொன்றைக் காண்கிறார். அவரும் நானும் ஒரே சிலை முன் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடிகிறது.

திரும்பி வந்து, சரி என்றேன். முகத்துக்குக் காலண்டர் படத்தைப் பார்த்துப் போடவில்லை. கூழ் அண்டாவைக் கிண்டும் அக்கா ஒருவர் இருக்கிறார், விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார். அவரிடம் கேட்டுக்கொண்டு அவர் முகத்தை வரைந்தேன். புகைக்குச் சுருங்கிய கண், மேலுதட்டு வியர்வை, துடுப்பைப் பிடித்துக் காய்த்துப்போன கை. பேனர் ஏறின அன்று தெருவே அடையாளம் கண்டுகொண்டது. அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அண்டாப் பக்கம் போய்விட்டார்.

கொள்கைக்கு முரணா? எனக்குத் தோன்றவில்லை. என் மனிதநேயம் எந்த மனிதரையும் சரியாகப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. அன்று நான் கண்டதைத்தான் வரைந்தேன், காணாததை வரையவில்லை. ஆனால் எல்லை உண்டு. பூசை அறையில் மாட்டினால் கடன் தீரும் என்று சொல்லி விற்கும் யந்திரப் படங்கள் கேட்டு ஒரு நல்ல தொகையோடு வந்தார்கள். மறுத்துவிட்டேன். கடனில் முழுகியவரிடம் காசு பிடுங்கும் வேலை அது. இன்னொரு மதத்துக்காரரைக் கேலி செய்யும் படமும் என் கையால் வராது, அவர் எந்த மதமாக இருந்தாலும் சரி.

கேள்வி: மதச்சார்பற்ற மனிதநேயம் என்பது மேல்நாட்டுச் சரக்குதானே? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

ஐயா, கடவுளை முன்வைக்காமல் மனிதரை முன்வைத்து வாழ்வதற்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் இந்த ஊரில் அது புதிதில்லை. 1880-களிலேயே இங்கே ‘சென்னை லௌகிக சங்கம்’ இருந்தது, ‘தத்துவ விவேசினி’ என்று தமிழில் வார இதழும் நடத்தினார்கள். லண்டன் சுதந்திரச் சிந்தனையாளர்களோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். அதைத் தமிழில் எழுதி, சாதியையும் குழந்தை மணத்தையும் கேள்வி கேட்டது நம் ஊர்க்காரர்கள். 1923-இல் மெரினாவில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் அறிவியலை எளிய தமிழில் எழுதியவர். 1925-இல் பெரியார் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கினார். என் அப்பா அம்மா கல்யாணம் ஐயரும் தாலிமந்திரமும் இல்லாமல் நடந்தது, அது செல்லுபடியாவதற்கு 1967-இல் அண்ணா அரசு சட்டமே செய்தது. நம் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவும், அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராயும் குணத்தையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது. 1976 திருத்தத்தில் சேர்த்தது அது.

அம்மா அந்தக் கல்யாணத்துக்கு ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாராம்: வீட்டில் அவர் விளக்கேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது. அப்பா கடைசிவரை தடுக்கவில்லை. நான் படித்த மனிதநேயத்தில் பாதி அந்த ஏற்பாடுதான்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் கணவர் இறந்தார். எனக்கும் கடவுள் நம்பிக்கை கிடையாது. ‘மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்’ என்று எல்லோரும் சொல்லும்போது தனியாக விடப்பட்டது போல இருக்கிறது. நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்? – பெயர் வேண்டாம், கொளத்தூர்

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உங்களுக்கு என்னிடம் மருந்து இல்லை, என் அனுபவம்தான் இருக்கிறது.

அப்பா 2017-இல் வீட்டிலேயே இறந்தார், மாலை ஐந்து மணி இருக்கும். கண்களைக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்குப் போன் செய்ததும், மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கச் சொன்னார்கள், தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தச் சொன்னார்கள். அழுதுகொண்டே அதையெல்லாம் செய்தேன். செய்வதற்கு ஒரு வேலை இருந்தது எனக்கு அன்று பெரிய உதவி. வந்தவர்கள் கால் மணி, அரை மணியில் முடித்துவிட்டார்கள். முகம் அப்படியே இருந்தது. அவருக்கு ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆனாலும் கருவிழி பயன்படும் என்றார்கள்.

சடங்கு வேண்டாம் என்றதில் உறவுக்காரர்களோடு சண்டை வந்தது. ‘திதி கொடுக்காவிட்டால் அலைவார்’ என்று பெரியப்பா சொன்னது பல இரவு தூங்கவிடவில்லை, நம்பாவிட்டாலும் அது குத்தியது. உங்களிடம் ‘மேலே இருக்கிறார்’ என்பவர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். தலையாட்டிவிட்டு விடுங்கள், அந்த நேரத்தில் வாதாட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் மனதில் இருப்பதை ஒருவரிடமாவது அப்படியே சொல்லுங்கள். எனக்கு அது எதிர்வீட்டு அக்கா. தினமும் ரசம் சாதம் கொண்டுவருவார், பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

நான் அப்பாவின் கைகளை வரைந்தேன். நினைவிலிருந்து, ஒரு வருடம் முழுக்க, ஒரே கோப்பில். ஒவ்வொரு நாளும் புது லேயர், அதாவது பழைய படத்தின் மேல் கண்ணாடித் தாள் போல இன்னோர் அடுக்கு. பழையதை அழிக்கவில்லை, ஒன்றாகச் சேர்க்கவும் இல்லை. அவர் இனி எங்கும் இல்லை என்பதை நான் கூட்டியும் குறைத்தும் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தபோது எப்படிச் சாக்பீஸ் பிடித்தார் என்பதை மட்டும் தப்பில்லாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் நினைவு நாளில் அம்மா விளக்கேற்றுவார். நான் திரி திரித்துக் கொடுப்பேன். முடிந்தால் மறுபடி எழுதுங்கள். ஆசிரியர் வழியாகக் கடிதம் எனக்கு வந்துவிடும்.

கேள்வி: ஏஐ படங்கள் பற்றி? – அம்பத்தூர் வாசகர்

‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ என்ற, படம் உருவாக்கும் ஏஐ தொடக்கத்தில் பழகியது லாயன்-5பி என்ற தொகுப்பிலிருந்து. இணையத்தில் கிடந்த 585 கோடி படங்களுக்கான இணைப்புகளும் அவற்றின் விளக்க வரிகளும் கொண்டது. வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என் சங்கடம் அங்கேதான். கேட்டு, பெயர் போட்டு, கூலி கொடுத்தால் அது இன்னொரு கருவி. நான் சம்பளத்துக்கு வரையும் வேலைகளில் அதைப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: புத்தக அட்டைக்கு வரைந்துகொடுத்த படத்தைப் பதிப்பகம் டைரியிலும் டி-ஷர்ட்டிலும் போட்டு விற்கிறது. கேட்டால் “காசு கொடுத்தாச்சே” என்கிறார்கள். – இளம் ஓவியர், போரூர்

எனக்கும் இது நடந்திருக்கிறது தம்பி. நானும் எழுத்தில் எதுவும் வாங்காமல் வரைந்து கொடுத்திருந்தேன்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். பொதுவாக வரைந்தவருக்குத்தான் உரிமை. ஆனால் ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விடும். பலருக்கு இது தெரியாது. அதனால் வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எந்தப் புத்தகத்துக்கு, எந்தப் பதிப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு, வேறு பொருளில் போட்டால் எவ்வளவு. எழுத்தில் உரிமை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். உரிமை கைமாறினாலும், வரைந்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57-ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும். உங்கள் விஷயத்தில் மின்னஞ்சல், வாட்ஸ்அப் எதுவும் அழிக்காமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நீங்கள் வரைந்ததில் உங்களுக்குப் பிடித்தது எது? – அண்ணாநகர் வாசகி

2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் கோட்டூர்புரத்தில் தங்கை வீட்டில் மாட்டிக்கொண்டேன். அடையாறு உள்ளே வந்துவிட்டது, மாடியில் இருந்தோம். கடற்கரைக் குப்பத்திலிருந்து மீனவர்கள் தங்கள் படகைக் கொண்டுவந்து எங்கள் தெருவில் ஆட்களை ஏற்றினார்கள். யார் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல், ‘பெரியவங்க முதல்ல’ என்று மட்டும் சொன்னார்கள். கரண்ட் இல்லை, டேப்லெட் செத்துக் கிடந்தது. தங்கை மகளின் நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தேன்: மின்கம்பத்தில் கட்டிய கயிறு, அதைப் பிடித்திருக்கும் கை. பிறகு வீட்டுக்கு வந்து அதைக் கணினியில் முழுப் படமாக்கினேன்.

ஒரு மாதம் கழித்துப் பட்டினப்பாக்கத்தில் விசாரித்து விசாரித்து அந்தப் படகுக்கார அண்ணனைக் கண்டுபிடித்து ஒரு பிரின்ட் கொடுத்தேன். நல்லா இருக்கு என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா கயித்த இப்படிப் புடிக்க மாட்டோம்மா, கட்டைவிரல் உள்ள போனா இழுவைல ஒடிஞ்சிடும்” என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த வலைக்கயிற்றை எடுத்துப் பிடித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து கட்டைவிரலை மாற்றி வரைந்து, அடுத்த ஞாயிறு வேறு பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன்.