மியூசிக் புரொடக்‌ஷன் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் செய்ய வேண்டியது

"பிளஸ் ஒன் படிக்கும் மகன் லேப்டாப்பில் பாட்டு உருவாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். பயிற்சி நிலையத்தில் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் கட்ட வேண்டாம் அம்மா. ஆறு மாதம் வீட்டிலேயே பழகட்டும். அதற்குள் மூன்று பாட்டை முழுசாக முடிக்கட்டும். பத்து விநாடித் தாளத் துண்டு (பீட்) நாற்பது சேர்த்து வைத்திருப்பது கணக்கில் வராது. பல்லவியில் தொடங்கி, சரணம் போய், முடிவு வரைக்கும் வந்த மூன்று பாட்டு வேண்டும். ஆரம்பிக்க எல்லாருக்கும் ஆசை இருக்கும். முடிக்கிற பொறுமை இவனுக்கு இருக்கிறதா என்பதை உங்களுக்கும் அவனுக்கும் காட்டக்கூடியது இது ஒன்றுதான்.

மென்பொருள் விஷயத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பர்: 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அதில் வாத்திய ஒலிகள் அதிகம் வராது. எம்.டி. பவர் டிரம் கிட், வைட்டல், சர்ஜ் எக்ஸ்.டி. மூன்றையும் இலவசமாக இறக்கிச் சேர்த்துக்கொண்டால் போதும். நண்பர்கள் எஃப்.எல். ஸ்டூடியோ சொல்வார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் சோதனைப் பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டைக் காசு கட்டி வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. இது தெரியாமல் ஒரு வார வேலையை மூடிவிட்டுத் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. காசு கட்டாமல் பூட்டை உடைத்த (கிராக் செய்த) பதிப்பு மட்டும் வீட்டுக்குள் வரவே கூடாது. நீங்கள் வங்கிக் கணக்கு பார்க்கிற அதே லேப்டாப்பில் வைரஸும் சேர்ந்து வரும். எதை எடுத்தாலும் ஆறு மாதம் மாற்றக் கூடாது.

லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் தொடங்கலாம். முதல் மூன்று மாதத்துக்குக் கீபோர்டு, மைக், ஸ்பீக்கர் எதுவும் வாங்க வேண்டாம். ஒயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் ஒன்று மட்டும் கட்டாயம். ஏன் ஒயர் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் மனம் உடைவது இங்கேதான். ப்ளூடூத் இயர்போனில் ஒலி 100 முதல் 200 மில்லி விநாடி தாமதமாகக் காதுக்கு வரும். நிமிடத்துக்கு 90 தாள அடி வேகத்தில் ஓடும் பாட்டில், ஒரு அடியை நாலாகப் பிரித்தால் ஒரு கட்டம் 167 மில்லி விநாடி. ஆக, விரல் அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கட்டமே ஓடிவிடுகிறது. பையன் "எனக்குத் தாளமே வரல" என்று சோர்ந்துபோவான். பழுது அவனிடம் இல்லை. ஒயர் போட்ட பிறகும் இழுக்கிறது என்றால் ஆடியோ அமைப்பில் பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியை எத்தனை துளியாகச் சேர்த்து அனுப்புகிறது என்பதை, பார்க்கச் சொல்லுங்கள். விநாடிக்கு 44,100 துளி (44.1 கிலோஹெர்ட்ஸ்) என்ற அமைப்பில் 1024 என்று இருந்தால் அதுவே 23 மில்லி விநாடி தாமதம். 128 என்றால் வெறும் 3. வாசிக்கும்போதும் பாடும்போதும் 128, பிளக்-இன்கள் (மென்பொருளோடு சேர்க்கும் வாத்திய, ஒலி மாற்றக் கருவிகள்) கூடி ஒலி வெட்டி வெட்டி வந்தால், எல்லா ஒலியையும் கலந்து சமன் செய்யும் மிக்ஸிங் நேரத்தில் 1024. விண்டோஸில், ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் என்ற சிறு மென்பொருள் இல்லாமல் இது சரியாக நடக்காது. தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) இல்லாதவர்கள் ஏசியோ ஃபார் ஆல் போட்டுக்கொள்கிறார்கள்.

முதல் மாதம் தாளம் மட்டும். நாலு அடியை 16 கட்டமாகப் பிரித்து, 1, 9-இல் கிக் (கனத்த டிரம்), 5, 13-இல் ஸ்னேர் (சுள்ளென்ற டிரம்), ஒன்று விட்டு ஒரு கட்டத்தில் ஹை-ஹேட் (ஜால்ரா போன்றது). இது கைக்கு வந்ததும் நம் தாளத்துக்கு வரட்டும். ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபு தாளத்துக்கு டைம் சிக்னேச்சரை (ஒரு சுற்றின் அடிக் கணக்கை) 7/8 ஆக மாற்றி, 14 கட்டம் வைத்து, 1, 7, 11-இல் அழுத்தம் கொடுத்தால் தகிட தக திமி வந்துவிடும். 16 கட்டத்தை மாற்றாமல் அதற்குள் திணிக்கப் பார்ப்பதால்தான் இரண்டாவது சுற்றிலேயே தாளம் நழுவுகிறது.

இரண்டாவது மாதம் சுரங்களைத் திரையில் கட்டங்களாக வைக்கும் பியானோ ரோலில் பேஸ் (கீழ்ச்சுர வரி), கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்), மெலடி (மெட்டு). கர்னாடக சங்கீதம் கற்ற பிள்ளைக்கு இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது: மோகனத்தின் சுரங்களைச் சரியாக வைத்தாலும் ஆர்மோனியத்தில் கட்டை அழுத்தின மாதிரி கேட்கும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் இல்லை. சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வசதி பெரும்பாலும் மேலும் கீழும் 2 அரைச்சுரத்துக்குத்தான் இருக்கும். அதை 12 ஆக்கி, ஒரே நீளச் சுரத்துக்குள் வளைவைக் கையால் வரையப் பழக வேண்டும்.

குரல் பதிவு நாலாவது மாதத்தில். அப்போது ஒரு மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்குங்கள். கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும் வகை) என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தாமல் சத்தமே வராது. மைக் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். ஃபேனை நிறுத்தி, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் எதிரே, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடட்டும். பதிவு 24 பிட்டில், ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் மறுபடி பாடுவதுதான் சரி, பிறகு ஒலியைக் குறைப்பதால் உடைந்த குரல் சேராது. மிக்ஸிங்கில் முதலில் வால்யூம் மட்டும் சமன் செய்து, பிறகு பிளக்-இன் தொடட்டும். முடித்ததைப் போன் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே குரலின் வார்த்தை புரியாவிட்டால் மிக்ஸ் முடியவில்லை.

இனி வேலை. இசையமைப்பாளர் என்ற ஒரே கனவோடு நிற்க வேண்டாம். இசையமைப்பாளருக்குக் கணினியில் இசை கோத்துத் தரும் புரோகிராமர், டப்பிங் பதிவு, சவுண்ட் டிசைன், மேடை ஒலி, ஆடியோ புத்தகம் என்று சம்பளம் தருகிற பக்கங்கள் இருக்கின்றன. சினிமா டப்பிங், மிக்ஸிங் கூடங்களில் பெரும்பாலும் புரோ டூல்ஸ் என்ற மென்பொருள்தான் ஓடுகிறது. அதன் இலவச இன்ட்ரோ பதிப்பை ஏழாவது மாதத்தில் பழகிக்கொள்ளலாம். பட்டப்படிப்பு வேண்டுமென்றால் தரமணி அரசு எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுப் பிரிவு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் படிப்புக்கு ஒரு பட்டமும், பிளஸ் டூவில் இயற்பியலும் கேட்பார்கள். அதனால் மகன் இப்போது இயற்பியல் உள்ள பிரிவில் இருந்தால், இசைதானே என்று தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து மூன்று பாட்டும் கையில் இருந்தால், அவற்றோடு அந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போங்கள். ஒரு கணினிக்கு எத்தனை மாணவர், ஒவ்வொருவருக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் மைக்கின் முன்னால் கிடைக்கும் என்று கேளுங்கள். போன வருடம் படித்த ஒரு மாணவரின் ப்ராஜெக்டைத் திரையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மகனின் பாட்டை அவர்கள் கேட்டு, எந்த இடம் ஏன் சரியில்லை என்று அங்கேயே சொன்னால், கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.