விமானி ஆக விரும்பும் பிள்ளையின் தாய்க்கு

அன்புள்ள அக்கா,

போன செவ்வாய்க்கிழமை நீங்கள் மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்து போன பிறகு, உங்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லையே என்று மனதில் கிடந்தது. வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் அவசரப்பட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "புயலுக்குள்ள பிளேன் அகப்பட்டா பிள்ளை என்ன செய்யும்?" 2020 டிசம்பரில் புரெவி கரையேறிய இரவைத் திருகோணமலையில் இருந்து பார்த்தவர் நீங்கள். வீணாகப் பயப்படுகிறீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விமானியின் வேலை புயலோடு மல்லுக்கட்டுவது இல்லை. தூரத்திலேயே கண்டு, விலகிப் போக வழி கேட்பதுதான். உங்கள் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர். "வடக்கே இருட்டிக்கொண்டு வருது, இந்தப் பக்கம் வராதே" என்று படகுகள் ரேடியோ செட்டில் பேசிக்கொள்வதை நீங்களே கேட்டிருப்பீர்கள். வானத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் பின்னேரத்தில் எழும்பும் இடிமுகிலைப் பாருங்கள். அதன் தலை 50,000 அடிக்கு மேலும் போகும். பயணிகள் ஜெட் பறப்பது 35,000, 40,000 அடியில். மேலால் தாண்ட முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். விமானத்தின் மூக்குக்குள் ஒரு ராடர் இருக்கிறது. முன்னால் உள்ள மழையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரையில் காட்டும். கடுமையான இடிமுகிலுக்கு 20 கடல் மைலாவது விலகிப் போ என்றுதான் விமானிகளுக்குப் படிப்பிக்கிறார்கள்.

சரி, நினைத்த பக்கம் திருப்பிவிடலாமா? முடியாது. அந்தப் பக்கம் வேறு விமானம் வரலாம். அது தெரிவது கீழே இருக்கும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு. அவருடைய திரை விமானங்களைக் காட்டுவதற்காக அமைந்தது. முகிலை விமானி பார்க்கிற அளவுக்கு அவர் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அதனால் விமானி கேட்க வேண்டும்: "வானிலை காரணமாக இடப்பக்கம் 20 மைல் விலக அனுமதி வேண்டும்." ஆங்கிலத்திலும் இவ்வளவுதான் நீளம். கட்டுப்பாட்டாளர் சொல்லும் பதிலை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாக விளங்கியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கேட்பதையும் நேரத்தோடு கேட்க வேண்டும். ஜெட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 கடல் மைல் ஓடும். 80 மைலுக்கு அப்பால் தெரிகிற முகில் பத்தே நிமிடத்தில் முகத்துக்கு நேரே வந்துவிடும். அதற்குள் கட்டுப்பாட்டாளர் மற்ற விமானங்களைப் பார்க்க வேண்டும். விலகும் பாதை சென்னை வான்பரப்புக்குள் போகுமென்றால் அங்கேயும் கேட்க வேண்டும். பதில் பிந்தினால் "வெதர் டீவியேஷன் ரிக்வயர்ட்", அதாவது வானிலையால் விலகியே ஆக வேண்டும், என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் முன்னுரிமை கிடைக்கும். காட்டிய பாதை முகிலுக்குள் கொண்டுபோகும் என்றால் "அனேபிள்", அதாவது முடியாது, என்று சொல்லும் உரிமையும் விமானிக்கு உண்டு. இருபத்தைந்து வயதுப் பிள்ளை, தன்னைவிட அனுபவமுள்ள ஒருவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டிவரும்.

அக்கா, இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் மகளைப் பற்றிய யோசனை.

அன்றைக்கு நான் கேட்டதெல்லாம் அவளிடம். எந்தப் பாடம் பிடிக்கும் என்றேன். "பௌதிகவியல்" என்றது நீங்கள். கண் பார்வை எப்படி என்றேன், அதற்கும் நீங்கள்தான். ஏன் விமானி ஆக வேண்டும் என்றபோது அவள் வாய் திறந்தாள். அதற்குள் "சின்ன வயசிலேயே சீனக்குடாவில ஏறுற பிளேனைப் பார்த்துக்கொண்டு நிப்பா" என்று நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்கள். அவள் மேசையில் கிடந்த பேனை மூடியை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தாள். நீங்கள் அன்பால்தான் அப்படிச் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கேளுங்கள். 1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயோர்க் போன அவியாங்கா 52 விமானத்தை மோசமான வானிலையால் வானத்திலேயே வட்டமிட வைத்தார்கள். மொத்தம் 77 நிமிடம். எரிபொருள் தீர்ந்துகொண்டு வந்தது. துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார்; எரிபொருள் முடிகிறது என்றும் சொன்னார். "எமர்ஜென்சி" என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. நிலைமை எவ்வளவு மோசம் என்பது கீழே இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. என்ஜின்கள் நின்று, விமானம் லோங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்துபோனார்கள். வேறு காரணங்களும் உண்டுதான். ஆனாலும் வாய்வரை வந்து வராமல் போன அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இப்போது சர்வதேசப் பாதைகளில் பறக்கும் விமானிகள் ஆங்கிலத்தில் ஆறு படிகளில் 4ஆம் படியாவது எடுத்திருக்க வேண்டும். 4ஆம் படியோடு நின்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதனை. நம் ஊர்த் தமிழின் சாயல் உச்சரிப்பில் இருந்தால் குற்றமில்லை. கேட்பவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். மகளும் கூட்டாளி ஒருத்தியும் தினமும் பத்து நிமிடம், ஒருத்தி திசையும் உயரமும் சொல்ல, மற்றவள் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகட்டும். ரேடியோவில் ஒன்பதை "நைனர்" என்பார்கள், ஐந்தோடு குழம்பாமல் இருக்க. இதெல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அலஸ்தோட்டத்துக் காணியை ஈடு வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து பொறுங்கள். முதலில் உயர்தரப் பரீட்சை முடியட்டும். அப்புறம் விமானிகளுக்கான முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. அதில் தேறிய பிறகு மட்டும் பறப்புப் பள்ளிக்குக் காசு கட்டுங்கள். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18, பொதுவாக 200 மணி நேரப் பறப்பு வேண்டும். ஒரு மணி நேரம் பறந்தாலும் செலவுதான். காசில்லாமல் போகிற வழியும் உண்டு. சீனக்குடாவிலேயே விமானப்படைக் கல்விக்கழகம் இருக்கிறது. கட்டுப்பாட்டாளர் வேலையையும் தள்ளிவிடாதீர்கள். 21 வயதில் அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், கணிதப் பிரிவு படித்த பிள்ளைக்குப் பொருந்தும். முகிலுக்குள் மாட்டப்போகிற விமானத்துக்கு வழி பிரித்துக் கொடுப்பதும் அவ்வளவு பெரிய பொறுப்புத்தான். எது வேண்டும் என்று அவளே யோசிக்கட்டும்.

அடுத்த சந்திப்புக்கு நாள் இன்னும் குறிக்கவில்லை. மகளே எனக்குக் கோல் எடுக்கட்டும். எந்த நாள், எத்தனை மணி, என்ன கேட்க வேண்டும் என்று அவளே சொல்லட்டும். இடையில் தடுமாறி நின்றாலும் நான் அவசரப்படுத்தமாட்டேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள், போனை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.