நாலு குழாய், ஒரு வளையம்: மூளைக்கு ரத்தம் போகும் வழி

உடற்கூறியல் வகுப்பில் பல வருடம் மூளையைக் கையில் வைத்துப் பாடம் நடத்தியவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐயா, ஒன்றரை கிலோகூட இல்லாத மூளைக்கு ஏன் அவ்வளவு ரத்தம்?

எடை சுமார் 1.4 கிலோ, உடம்பில் 2 சதவீதம். ஆனால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் வாங்குகிறது. ஓய்வில் இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. தசைக்குக் கொஞ்சம் கையிருப்பு உண்டு. மூளை அன்றாடங்காய்ச்சி. ரத்தம் அடியோடு நின்றால் சுமார் பத்து வினாடியில் நினைவு தப்பும். நாலைந்து நிமிடத்தில் செல்கள் சாகத் தொடங்கும்.

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் சார். வில்லிஸ் வளையம் மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

படத்தை மனப்பாடம் செய்யாதேம்மா, ரத்தம் வரும் வழியைப் பின்தொடர்ந்து போ. தொண்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிக்கிறதே, அது பொதுக் கரோடிட் தமனி. மேலே அது இரண்டாகப் பிரிகிறது. உள் கரோடிட் மண்டைக்குள் போகிறது. இடம், வலம் என்று அவை இரண்டு. பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள், கழுத்தெலும்புகளின் பக்கத்து ஓட்டைகளில் ஊசியில் நூல் கோத்த மாதிரி ஏறிப்போய், மூளைத்தண்டின் முன்னால் ஒன்று சேர்ந்து பேசிலார் என்ற ஒரே தமனி ஆகின்றன. முன்னால் வந்ததையும் பின்னால் வந்ததையும் மூளையின் அடியில் சின்ன இணைப்புக் குழாய்கள் சேர்க்கின்றன. இந்தச் சுற்றுதான் வில்லிஸ் வளையம். கோயிலைச் சுற்றி மாட வீதி மாதிரி: ஒரு வீதி அடைபட்டாலும் சுற்றிக்கொண்டு போகலாம்.

ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-ல் வெளியிட்ட நூலில் இது வருகிறது. அதற்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர்! ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கிற முழு வளையம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. ஒரு பக்கத்துப் பின் இணைப்புக் குழாய் தையல் நூல் மாதிரி மெலிந்திருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரே அடைப்பு ஒருவரைச் சாய்த்து இன்னொருவரை விட்டுவிடுவதற்கு இது ஒரு காரணம்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன, கால் ஓரளவு பரவாயில்லை. ஏன் இப்படி?

அடைப்பு, உள் கரோடிடின் கிளையான இடது நடுப் பெருமூளைத் தமனியில் இருக்கலாம் தம்பி. இடது மூளை வலது உடம்பை ஆட்டுகிறது. கைக்கும் முகத்துக்குமான பகுதி மூளையின் பக்கவாட்டில் இருக்கிறது, அங்கே ரத்தம் தருவது நடுத்தமனி. காலுக்கான பகுதி இரு பாதிகளும் சந்திக்கும் உள்பக்கம். அது இன்னொரு கிளையான முன் தமனியின் பொறுப்பு. அதனால் கால் தப்பியது. பேச்சு, பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம்தான். 1861-ல் பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் வராது. ஆனால் பிறர் சொல்வது புரிந்தது. உங்கள் அப்பாவுக்கும் புரியலாம். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசாதீர்கள்.

மாமியாருக்கு வாய் கோணி, அரை மணியில் சரியாகிவிட்டது. வீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்மா. ரத்தம் உறைந்து குழாயை அடைத்ததா, குழாய் உடைந்து கசிந்ததா என்பது ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெரிதாக்கலாம். சரியாகிவிட்டது என்று இருந்துவிடாமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இது அடுத்ததற்கு முன்னோட்டமாக இருக்கலாம். மறுபடி வந்தால் உடனே 108. உறைவைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடுவதுதான் வழக்கம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்து வையுங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

சிறுமூளைக்குச் சின்ன வேலைதானா?

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான். நடை தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அங்கே அடைப்பு வந்தால் குடிக்காமலே தள்ளாடுவார்.

நாம் பத்து சதவீத மூளையைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

பொய். தூங்கும்போதுகூட மூளை முழுவதும் வேலை நடக்கிறது.

மூளைக்கு வலியே தெரியாது என்கிறார்கள். அப்புறம் தலைவலி?

வலிப்பது மூளை அல்ல, அதைப் போர்த்திய உறையும் ரத்தக்குழாய்களும் கழுத்துத் தசையும்தான். நோயாளியை விழிக்க வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூளையில் அறுவை செய்ய முடிவது இதனால்தான். தோலுக்கு மரத்துப்போக ஊசி போட்டாக வேண்டும்.