லீவில் இருந்தபோது வேலை செய்தேன், லீவும் போச்சு: அமெரிக்கச் சம்பளக்காரர்களுக்குக் கேள்வி பதில்

அமெரிக்காவில் பேரோல் (சம்பளக் கணக்கு), ஹெச்.ஆர். வேலையில் 14 வருஷமாக இருக்கிறேன். லீவுக் கணக்கு பற்றி வந்த கேள்விகளை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

டல்லாஸ்: அக்கா, வெள்ளிக்கிழமை லீவு. காலை 9 மணிக்கு சர்வர் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், 12 வரை வேலை பார்த்தேன். ஆனாலும் 8 மணி நேர லீவும் கழிந்துவிட்டது. இது சரியா?

முதலில் பே ஸ்லிப்பைப் பாருங்கள். அந்த வாரச் சம்பளம் முழுசாக வந்திருந்தால் மத்திய சட்டத்தில் பிடி இல்லை. 1938-ல் வந்த தொழிலாளர் தரச் சட்டம் லீவு கொடுக்கவே சொல்லவில்லை. ஓவர்டைம் கிடையாத 'எக்ஸெம்ப்ட்' ஊழியருக்கு அது காப்பது சம்பளத்தைத்தான். லீவில் எத்தனை மணி கழிப்பது என்பது கம்பெனி விதி. தொழிலாளர் துறையும் 2005-லேயே இதை எழுத்தில் சொல்லிவிட்டது.

அதற்காக இது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள். "வெள்ளி 9 முதல் 12 வரை வேலை பார்த்தேன், லீவை 5 மணியாக மாற்றித் தாருங்கள்" என்று மேனேஜருக்கு அன்றைக்கே மெயில் போட்டுவிடுங்கள். டைம்ஷீட் அப்ரூவ் ஆகும் முன் கேட்டால் பத்து நிமிஷ வேலை. பேரோல் ஓடிய பிறகு கேட்டால் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அந்த அலைச்சலிலேயே விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கலிபோர்னியாவில் இருந்தால் உங்கள் பக்கம் இன்னும் வலு. அங்கே சேர்ந்த லீவு சம்பாதித்த கூலிக்குச் சமம். வருஷம் முடிந்தது என்று அழிக்கவும் முடியாது. வேலையை விட்டால் காசாகத் தர வேண்டும்.

எடிசன், நியூ ஜெர்சி: எனக்கு லீவு பாக்கி இல்லை. ஒருநாள் சொந்த வேலையாக விடுப்பு. மேனேஜர் கேட்டதால் ஒரு மணி நேரம் ரிப்போர்ட் திருத்தினேன். ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

இது தப்பு, விடாதீர்கள். எக்ஸெம்ப்ட் ஊழியர் சொந்தக் காரணத்துக்கு முழு நாள் வராவிட்டால்தான் ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்கலாம். ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் அது முழு நாள் விடுப்பு ஆகாது. வாரம் 2,000 டாலர் என்றால் அந்த 400 டாலர் உங்களுடையது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், கடைசி வாரம், குடும்ப மருத்துவ விடுப்பு போன்ற சில விலக்குகள் உண்டு; உங்கள் விஷயம் அதில் வராது. பேரோலுக்கு எழுத்தில் கேளுங்கள். இப்படிப் பிடிப்பதே வழக்கம் என்று நிரூபணமானால், அந்த மேனேஜரின் கீழ் அதே வேலை பார்ப்பவர்களுக்கு எக்ஸெம்ப்ட் தகுதியே போய், ஓவர்டைம் கொடுக்க வேண்டி வரும். அதனால் நல்ல கம்பெனி உடனே திருப்பித் தரும்.

சிகாகோ: டாக்டரிடம் போக அரை நாள் எடுத்தேன். 4 மணி லீவு கழித்தார்கள்.

கழிக்கலாம். பாக்கி 2 மணிதான் இருந்தாலும் மீதிக்குச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.

அட்லாண்டா: என் கணவர் மணிக்கூலி. லீவு நாளில் 40 நிமிஷம் போனில் வேலை பார்த்தார்.

அந்த 40 நிமிஷத்துக்கும் கூலி உண்டு. "நாங்கள் செய்யச் சொல்லவில்லை" என்பது எடுபடாது. தெரிந்து அனுமதித்தாலே கொடுக்க வேண்டும். ஆனால் லீவு மணிகள் ஓவர்டைமுக்கான வாரம் 40 மணி நேரக் கணக்கில் சேராது.

சியாட்டில்: பிரசவ விடுப்பில் இருக்கிறேன். தினமும் கூப்பிடுகிறார்கள்.

1993-ல் வந்த குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டப்படி, தகுதி இருந்தால் 12 வாரம் உங்களுக்கு உரிமை. "அந்த ஃபைல் எங்கே?" என்று எப்போதாவது கேட்பது பரவாயில்லை. ரிப்போர்ட் முடித்துத் தா என்பது உரிமையில் குறுக்கிடுவது. கைக்குழந்தையோடு அதைச் செய்ய வேண்டியதில்லை அம்மா. எந்த நாள், எத்தனை மணி, யார் கூப்பிட்டார்கள் என்று இன்றிலிருந்தே குறித்து வையுங்கள், ஹெச்.ஆருக்கும் மெயில் போடுங்கள்.