டிரில் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: செத்தாப்பாக்கில் புதுக் கொண்டோவுக்குக் குடிபோகிறோம். சாமி மேடை, டிவி, கண்ணாடி எல்லாம் மாட்ட ஒரு டிரில் வேண்டும். ஆன்லைனில் 88 விஎஃப் பேட்டரி டிரில் 99 வெள்ளிக்கு வருகிறது. வாங்கலாமா? கூட வேறு என்ன கருவி தேவை, எப்படிப் பராமரிப்பது?

அந்த 88-ஐ முதலில் மறந்துவிடுங்கள். வோல்ட் என்றால் வோல்ட்; 'விஎஃப்' என்பது பெட்டியில் பெரிய எண் போடுவதற்காக விற்பவர்கள் கண்டுபிடித்த எழுத்து. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஐந்து லித்தியம் செல்தான் இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட் என்றால் ஐந்துக்கு 18. நல்ல கம்பெனிகள் '20 வோல்ட் மேக்ஸ்' என்று போடுவதும் இதே ஐந்து செல்தான், முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் இருக்கும் அளவைச் சொல்கிறார்கள். அது பொய்யில்லை, வியாபாரம்.

நீங்கள் பார்க்க வேண்டியது மிஷினை இல்லை, சுவரை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நான் இருபது வருஷம் இருந்த செந்தூல் லிங்க் வீட்டில் எல்லாம் செங்கல், மேலே சிமெண்டுப் பூச்சு. அதில் சாதாரண 'இம்பாக்ட்' டிரில்லே வெண்ணெயில் போவதுபோல் போகும். இப்போது கட்டும் பல கொண்டோக்களில் அலுமினிய அச்சு நிறுத்தி, உள்சுவர் உட்பட எல்லாவற்றையும் கான்கிரீட்டாகவே ஊற்றிவிடுகிறார்கள். தட்டினால் சத்தமே வராது, முட்டிதான் வலிக்கும்.

எனக்கு அது தெரியாது. புது வீட்டில் முதல் சனிக்கிழமை, முருகன் படத்துக்காக 18 வோல்ட் பேட்டரி இம்பாக்ட் டிரில்லில் சுத்தியல் படம் போட்ட இடத்துக்குத் திருப்பி வைத்து, உடம்பு எடையையே போட்டு அழுத்தினேன். கால் மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர். டிரில் பிட்டின் நுனி நீலமாகிவிட்டது, மிஷினிலிருந்து கருகிய வாடை. மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முருகன் தரையிலேயே இருக்கட்டும், பரவால்ல" என்றாள்.

திங்கட்கிழமை ஜாலான் பாசாருக்குப் போனேன். கடை தவுக்கே என் கதையை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "டிண்டிங் பாத்தா கா, கொன்கிரிட் கா?" என்றார். செங்கல் சுவரா, கான்கிரீட்டா? கான்கிரீட் என்றதும் கண்ணாடி அலமாரியிலிருந்த அழகான பேட்டரி டிரில்களைத் தாண்டி, கீழ்த்தட்டிலிருந்து வயர் போட்ட ஒரு ரோட்டரி ஹேமரை எடுத்து வைத்தார். அதே படத்துக்கு அதே இடத்தில் 6 மில்லிமீட்டர் ஓட்டை, பத்துப் பதினைந்து விநாடி.

இரண்டுமே இடிக்கிற மிஷின்தானே, என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தடதடக்கும். அடி வேகமாக விழும், ஆனால் பலம் நீங்கள் அழுத்துகிற அழுத்தம்தான். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு இரும்புத் துண்டை எறிந்து பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. அழுத்தவே வேண்டாம், நேராகப் பிடித்தால் போதும். அழுத்தினால் வேலை மெதுவாகத்தான் ஆகும். இதற்கென்று காம்பில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட் உண்டு. அது மிஷின் வாயில் இறுக்கிப் பிடிக்கப்படாமல் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும், பழுது என்று பயந்துவிடாதீர்கள். உங்கள் வேலைக்கு 2 ஜூல் அளவு அடி போதும். சாலை உடைக்கிற சைஸ் வேண்டாம்.

செங்கல் சுவர் என்றால் இந்தக் கதையே வேண்டாம், சாதாரண இம்பாக்ட் டிரில் வாங்கிக்கொள்ளுங்கள். குளியலறை டைல்ஸ் என்றால் அடியை நிறுத்திவிட்டு, டைல்ஸுக்கான பிட்டில் மெதுவாகச் சுற்ற மட்டும் விடுங்கள். டைல்ஸ் தாண்டிய பிறகுதான் அடி.

எது வாங்கினாலும் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின், அதில் சிரிம் தர முத்திரை. ஆன்லைனில் சிலது இரண்டு உருண்டைப் பின்னோடு வரும். அதைச் சொருக, மேல் ஓட்டையில் பேனாவை விட்டு நெம்பித் திறக்கிற வித்தை நம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஃபேனுக்கே செய்யக்கூடாதது, கையில் பிடித்துச் சுவரைத் துளைக்கிற மிஷினுக்குச் சத்தியமாக வேண்டாம். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். உள்ளே மூன்று சென்டிமீட்டரில் பிட் நின்று, தூளோடு இரும்பு மினுக்கம் வந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். இடத்தை மாற்றுங்கள், சண்டை போடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறை மட்டும் வேண்டாம். நூல் சுற்றினால் விரலையும் சேர்த்துக்கொண்டு போகும்.

மிஷினில் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், திருப்புளி நுனியில் மிச்சம் பிடிக்காதீர்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தவுக்கே இல்லை, அப்பா. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பதினேழு வயதில் அவருடைய ஈஎக்ஸ்5 மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றுகிறேன் என்று உட்கார்ந்து, அடிக்கிண்ணத்து ஸ்குரு இரண்டின் தலையையும் மழுக்கிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், மூன்றாவது ஸ்குருவை டார்ச் அடித்துக் காட்டினார். கூட்டல் குறிக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஒரு புள்ளி. "இது ஜப்பான்காரன் தலைடா. உன் திருப்புளி வேற நாட்டுக்காரன்." ஜப்பான் முறை ஸ்குருவில் பள்ளம் கொஞ்சம் வேறு மாதிரி, சாதாரண பிலிப்ஸ் முனை அடிவரை உட்காராமல் வழுக்கி மேலே ஏறும். அதேபோல் ஐரோப்பிய அலமாரிகளோடு வருகிற ஸ்குருவில் கூட்டல் குறிக்கு நடுவே நாலு மெல்லிய கோடு இருந்தால் அது போசிடிரைவ், அதற்கு முனை தனி. அப்பாவின் பெட்டியில் இருந்த ஜப்பான் திருப்புளியைத்தான் இன்றைக்கும் பாவிக்கிறேன். பன்னிரண்டு வெள்ளிக்கு முப்பது துண்டு செட் வாங்கி இரண்டு தடவை தூக்கிப் போட்டிருக்கிறேன்.

கைக்கருவியில் அதற்கு மேல் உங்களுக்கு ஒரு சுத்தியல், ஒரு குறடு, ஐந்து மீட்டர் டேப், ஒரு ரசமட்டம் போதும். இரும்பு வெட்டுகிற ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். வாங்கித்தான் தீருவேன் என்றால், வட்டின் மேல் இருக்கும் மூடியைக் கழற்றாதீர்கள், மரம் அறுக்கும் பல் வட்டு போடாதீர்கள், வெட்டு வட்டின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அடித்திருக்கும், அதையும் பாருங்கள். ஆமாம், வட்டுக்கும் தேதி உண்டு, அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் நாளாவட்டத்தில் பலம் இழக்கும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ரோட்டரி ஹேமரில் பிட் மாட்டும்போதெல்லாம் காம்பில் பட்டாணி அளவு கிரீஸ். கூரையில் துளைக்கும்போது தூசி மிஷின் வாய்க்குள் இறங்காமல், பிளாஸ்டிக் கப்பின் அடியில் ஓட்டை போட்டுப் பிட்டில் சொருகிக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்துக்குத் துருதான் முதல் எதிரி. பெட்டியைத் துணி காயப்போடும் யார்டில் வைக்காதீர்கள். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பழைய கைலித் துண்டில் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு எல்லா இரும்பையும் ஒரு தடவு தடவி வைப்பார். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் துருப்பிடித்ததைக் கழற்றவும் நல்லது, ஆனால் எண்ணெய்க்குப் பதில் அதையே நம்பி இருக்காதீர்கள், சீக்கிரம் காய்ந்துவிடும். பேட்டரி மிஷின் ஏதாவது வாங்கினால் வெயிலில் நிற்கும் கார் பூட்டில் பேட்டரியை விடாதீர்கள், மாதக்கணக்கில் தொடமாட்டீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

கடைசியாக, எண்ணிப் பாருங்கள். மேடை, டிவி, கண்ணாடி, மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஓட்டைதான் என்றால் மிஷினே வேண்டாம். கொண்டோவில் ஏர்கான் மாட்ட வருகிற ஆளிடம் ரோட்டரி ஹேமர் கண்டிப்பாக இருக்கும். மாட்ட வேண்டிய இடத்தையெல்லாம் முந்தின நாளே பென்சிலில் குறித்து வையுங்கள், வேலை முடிகிற நேரத்தில் கொஞ்சம் காசும் ஒரு தே தாரேக்கும் கொடுத்தால் அரை மணியில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் கொண்டோவில் ஞாயிற்றுக்கிழமை டிரில் சத்தம் கூடாது. உங்கள் மேனேஜ்மென்டில் எந்த நேரம் அனுமதி என்று அவரை வரச்சொல்லும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.