அமெரிக்க காலேஜ்கள்ல பெண்கள் அல்டிமேட் பிரிஸ்பீ வளர டோர்னமெண்ட் முக்கியமா, கோச்சிங் முக்கியமா?

ரெண்டுமேதான். ஆனா எந்த மாதிரி டோர்னமெண்ட், அந்த கோச் எத்தனை வருஷம் நிப்பாரு, அதுலதான் விஷயமே இருக்கு. மாஸ்டர்ஸ் படிக்க இங்க வந்தப்ப ஆட ஆரம்பிச்சவ நான், இப்ப ஒரு சின்ன காலேஜ் பெண்கள் டீமுக்கு சனி ஞாயிறுல கோச்சிங் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதிட்டா பொறுத்துக்கோங்க.

அல்டிமேட்ங்கறது டிஸ்க்னு சொல்ற வட்டத் தட்டை எறிஞ்சு பிடிச்சு எதிர் முனை எல்லைக்குள்ள சேர்க்கற டீம் ஆட்டம். காலேஜ்ல இது க்ளப் விளையாட்டு, அதாவது மாணவர்களே நடத்திக்கறது. பெரும்பாலான இடத்துல ஸ்காலர்ஷிப் எல்லாம் கிடையாது, சம்பளத்துக்கு கோச் வைக்கறதும் அபூர்வம். வண்டி பிடிக்கறது, ரூம் போடறது, என்ட்ரி ஃபீஸ் கட்டறது, பிராக்டிஸ் நடத்தறது எல்லாம் இருபது வயசு கேப்டன் பொண்ணு தலையிலதான் விழும். அவ டிகிரி வாங்கிட்டு கிளம்பினா டீமுக்குத் தெரிஞ்சதுல பாதி அவளோடவே போயிடும், அடுத்த வருஷம் வர்றவ மறுபடி அ, ஆ-ல இருந்து ஆரம்பிக்கணும். பெரிய தந்திரம் தெரிஞ்ச கோச்சைவிட அஞ்சாறு வருஷம் அங்கேயே இருக்கற கோச் மேல்னு நான் சொல்றது இதனாலதான்.

இப்ப டோர்னமெண்ட். புதுசா சேர்றவங்க நிறைய பேர் சாக்கர், பாஸ்கெட்பால், ஓட்டம்னு ஆடிட்டு வந்தவங்க, டிஸ்க்கை ஃப்ளிக்ல (மணிக்கட்டைச் சுண்டி எறியற ஃபோர்ஹேண்ட்) எறிஞ்சதே இருக்காது. களத்துல 7 பேர் வேணும், சின்ன டீம்ல மொத்தமே எட்டு ஒம்பது பேர்தான் வண்டியில ஏறுவாங்க, மாத்தி விட ஆள் இல்லாம ரெண்டு நாள் பூரா ஓடணும். இதுல முதல் மேட்சே நேஷனல்ஸ் (தேசிய சாம்பியன்ஷிப்) ஆடற டீமோட போட்டு 13-0ன்னு தோத்தா, ஒரு பாயிண்ட்டு கூட கைல டிஸ்க் வராம ஓடிட்டு வந்த பொண்ணு அடுத்த செமஸ்டர் வருவாளா, நீங்களே சொல்லுங்க. ஜெயிச்ச டீமுக்கும் அதுல ஒண்ணும் பெரிய லாபமில்ல, இங்க இந்த ஆட்டத்தை நடத்தற யூஎஸ்ஏ அல்டிமேட் அமைப்போட ரேங்கிங் கணக்குல ரொம்ப ஏறுமாறான டீம்கள் மோதி ஒருதலைப்பட்சமா முடிஞ்ச மேட்சை பெரும்பாலும் தள்ளியே வச்சிடுவாங்க.

ஆனா மேல இருக்கற டீம்களுக்கு பெரிய டோர்னமெண்ட் கண்டிப்பா வேணும். டிவிஷன் 1 நேஷனல்ஸ்ல 20 டீம், நாட்டைப் பிரிச்சிருக்கற 10 ரீஜனுக்கும் ஆளுக்கு ஒரு இடம் நிச்சயம், மீதி இடங்கள் சீசன் ரேங்கிங் வச்சு ரீஜன்களுக்குப் போகும். அதனாலதான் ஸ்டான்ஃபோர்ட் இன்வைட், நார்த்வெஸ்ட் சேலஞ்ச் மாதிரி டோர்னமெண்ட்களுக்கு நாட்டோட ஒரு மூலைல இருந்து இன்னொரு மூலைக்கு செலவு பண்ணி பறக்கறாங்க. சின்ன காலேஜ்களுக்கு டிவிஷன் 3ன்னு தனி நேஷனல்ஸ் வச்சது நல்ல காரியம், எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரு இலக்கு இருந்தாதான் ஆளுங்க பிராக்டிஸுக்கு வருவாங்க. நடுவுல இருக்கற, இப்பதான் முளைக்கற டீம்களை யாரு பாக்கறதுன்னா, மிஷெல் இங் ஆரம்பிச்ச வித்தவுட் லிமிட்ஸ் பெண்களுக்குன்னே காலேஜ் டோர்னமெண்ட் நடத்தி அந்த இடத்தை நிரப்புச்சு. பசங்க டோர்னமெண்ட்டோட ஓரத்துல ரெண்டு மைதானம் ஒதுக்கறதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம்.

கோச்சிங்ல பலரும் விட்டுடற ஒண்ணு ரூல்ஸ். இதுல அம்பயர் கிடையாது, பெரிய மேட்ச்னா ஆடறவங்களால பேசித் தீர்க்க முடியாததுக்கு முடிவு சொல்ல அப்சர்வர் இருப்பாங்க, மத்தபடி ஃபவுலை ஆடறவங்களேதான் சொல்லணும், கோச் வெளிய நின்னுகிட்டு கால் பண்ண முடியாது. ரூல் தெரியாத புதுப்பொண்ணு, எதிர்ல நாலு வருஷம் ஆடின சீனியர் "ட்ராவல்"னு (டிஸ்க்கை வச்சுகிட்டு காலை நகர்த்திட்டன்னு) சொன்னா தலையாட்டிட்டு டிஸ்க்கை வச்சிடுவா. எங்க டீம்ல ஒவ்வொரு பிராக்டிஸ்லயும் கடைசி கொஞ்ச நேரம் வேணும்னே தகராறான சிச்சுவேஷன் உருவாக்கி, ரெண்டு பேரையும் பேச வைக்கறோம். த்ரோ நல்லா வர்றதுக்கு முன்னாடியே மைதானத்துல வாயைத் திறக்க ஆரம்பிச்சுட்டாங்க, அப்படி பேசினவங்கதான் இப்ப கேப்டன் ஆகறேன்னு கை தூக்கறாங்க.

நீங்க புதுசா டீம் ஆரம்பிக்கறதா இருந்தா, முதல் சீசன்ல பேர் பெத்த டோர்னமெண்ட்டைத் தேடாதீங்க. கார்லயே போயிட்டு வர்ற தூரத்துல, உங்க லெவல் டீம்களைச் சேர்த்து பூல் (ஒருத்தரோட ஒருத்தர் மோதிக்கற குரூப்) போடறாங்களான்னு டோர்னமெண்ட் டைரக்டருக்கு முன்கூட்டியே மெயில் போட்டு கேளுங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க, அவங்களுக்கும் டீம் பாதில கழண்டுக்காம ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிக்கணுமே.